கால் என்ன நிறம்?

ஐப்பசி அடைமழை ஓய்ந்து ஏரி பாதி நிரம்பியிருந்த ஒரு காலை. கரையோரக் கோரைப்புல்லின் நுனியில் ஒரு சிவப்புத் தட்டான் உட்கார்ந்திருந்தது. மிளகாய்ப் பழச் சிவப்பு. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றும். திரும்பி வந்து அதே நுனியில் அமரும். பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், புதிதாக வாங்கியிருந்த களக் கையேட்டைப் பிரித்தேன். பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புத் தட்டான்கள். ஒன்றின் குறிப்பில் 'கால்கள் சிவப்பு' என்றிருந்தது. இன்னொன்றில் 'கால்கள் கருப்பு'. நான் பத்து நிமிடம் பார்த்த தட்டானின் கால் என்ன நிறம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கால் பக்கம் என் கண் போகவே இல்லை என்பதுதான் உண்மை.

களக் கையேடு எதற்கு என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. படத்தையும் பூச்சியையும் பொருத்திப் பார்த்துப் பெயர் சொல்லும் புத்தகம் என்றுதான் பலரும் அதை வாங்குகிறோம். உண்மையில் அது ஒரு கேள்வித்தாள். கால் என்ன நிறம், சிறகின் அடியில் கறை உண்டா, கண்கள் ஒட்டியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. விடை ஏரிக்கரையில் இருக்கிறது. கேள்வி தெரியாமல் கரைக்குப் போனவர் விடையைப் பார்த்துக்கொண்டே நின்றாலும் அது கண்ணில் படாது.

இந்த வகைப் புத்தகத்துக்கு வயது அதிகமில்லை. 1934இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் என்ற 25 வயது ஓவியர் பறவைகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். அதற்கு முன் நெடுங்காலம் பறவையின் இனத்தை உறுதிசெய்ய அதைச் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. பீட்டர்சன் செய்தது எளிமையான வேலை. ஒன்றைப்போல் ஒன்றிருக்கும் பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே திசை பார்த்தபடி வரைந்தார். எந்த இடத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியுமோ அந்த இடத்தை ஒரு சிறு கோட்டால் சுட்டிக் காட்டினார். தூரத்திலிருந்து, உயிரோடு, தொந்தரவு செய்யாமல் பார்த்தே பெயர் சொல்ல முடியும் என்பதை அந்தச் சிறு கோடுகள் காட்டின. பூச்சிகளுக்கான கையேடுகளும் பிறகு அதே வழியில் வந்தன.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நம் ஊர்த் தட்டான்களைப் பற்றியும் ஒரு பெரும் நூல் எழுதப்பட்டது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த எஃப். சி. ஃபிரேசர், பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் பற்றிய வரிசையில் தட்டான்களுக்காக 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதினார். இன்றும் ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அவற்றைப் பயன்படுத்தத் தட்டான் கையில் இருக்க வேண்டும், கூடவே ஒரு உருப்பெருக்கியும் வேண்டும். சிறகு நரம்புகளை எண்ண வேண்டும். ஆர்வலர்கள் பையில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கும்படியான புத்தகங்கள் நமக்குக் கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. வண்ணத்துப்பூச்சிகளுக்கு 2000இல் கிருஷ்ணமேக் குண்டேயின் நூலும் 2008இல் ஐசக் கெஹிம்கரின் நூலும் வந்தன. தட்டான்களுக்கு 2009இல் கே. ஏ. சுப்பிரமணியனின் கையேட்டை விக்யான் பிரசார் வெளியிட்டது. தமிழிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு க்ரியா பதிப்பகத்தின் அறிமுகக் கையேடுகள் இருக்கின்றன. ஒரு பூச்சியின் படத்துக்குக் கீழே அதைப் பற்றித் தமிழில் நாலு வரி அச்சாகியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கையேட்டைக் கையில் எடுத்தவர் முதலில் செய்யும் தவறு, நேராகப் பெயருக்குப் போவது. உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூச்சி இனங்கள் மட்டுமே 10 லட்சத்துக்கு மேல். எந்தக் கையேட்டிலும் இதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஆகவே முதல் கேள்வி 'இது எந்தப் பூச்சி' என்பதாக இருக்கக் கூடாது. 'இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது' என்பதாக இருக்க வேண்டும்.

இதை எனக்கு ஒரு குழந்தைதான் தெளிவாக்கினாள். வாசலில் துளசி பூத்திருந்தது. பூவைச் சுற்றி மஞ்சளும் கருப்பும் வரிவரியாக ஏதோ அந்தரத்தில் அசையாமல் நின்று பறந்தது. தம்பி மகள் எட்ட நின்றபடியே, "பெரியப்பா, இந்தத் தேனீ கொட்டுமா?" என்று கேட்டாள்.

"அது தேனீதானா என்று முதலில் பார்ப்போம். சிறகு எத்தனை?"

அவள் குனிந்து பார்த்தாள். "ரெண்டுதான் தெரியுது."

தேனீக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டே. ஈயின் பின்சிறகுகள் இருந்த இடத்தில் இரண்டு சிறு குமிழ்கள் மட்டும் எஞ்சியிருக்கும். பறக்கும்போது உடல் நிலை தடுமாறாமல் காப்பவை அவைதான். ஆனால் தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் நுண்ணிய கொக்கிகளால் கோத்துக்கொண்டிருப்பதால், உட்கார்ந்திருக்கும் தேனீயின் சிறகை எண்ணினாலும் பல நேரம் இரண்டாகத்தான் தெரியும். அதனால் இன்னொரு கேள்வியும் வேண்டும். நான் அவளை முகத்தைப் பார்க்கச் சொன்னேன். தலை முழுவதையும் அடைத்துக்கொண்டு இரண்டு பெரிய கண்கள். உணர்கொம்புகள் இருக்கின்றனவா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. தேனீக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும். உணர்கொம்புகள் முழங்கை மடிந்தாற்போல் வளைந்து நீளமாகத் தெரியும். எங்கள் துளசிக்கு வந்தது தேனீயின் சட்டையைப் போட்டுக்கொண்ட ஓர் ஈ. அதனிடம் கொடுக்கே கிடையாது. அன்று மாலைக்குள் அவள் தெருவிலிருந்த எல்லாப் பூச்செடிகளிலும் சிறகு எண்ணி முடித்திருந்தாள்.

வண்டுக்கும் நாவாய்ப்பூச்சிக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. பருத்தியிலும் வெண்டையிலும் சிவப்பும் கருப்புமாக, இரண்டிரண்டு பூச்சிகள் வாலோடு வால் ஒட்டியபடி ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை வண்டு என்பார்கள். முதுகைப் பாருங்கள். வண்டு என்றால் இரண்டு கெட்டியான மேலுறைகளும் நடு முதுகில் நேர்க்கோடாகச் சேர்ந்திருக்கும், பொன்வண்டின் முதுகில் இருப்பதுபோல. பருத்திப் பூச்சிக்கோ சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மடிந்து கிடக்கும். தோளுக்குக் கீழே ஒரு முக்கோணம் தெரியும். வாயும் கடிக்கும் வாயல்ல, குத்தி உறிஞ்சும் ஊசி. இந்த ஒரு பார்வையில் கையேட்டின் பாதிப் பக்கங்களைத் தள்ளிவிடலாம்.

நம் மொழியில் பூச்சிகளுக்குப் பெயர்கள் நிறைய உண்டு, ஆனால் அவை ஊருக்கு ஊர் மாறும். வண்டு என்ற சொல்லுக்குள் பொன்வண்டும் இருக்கிறது, மரத்தைத் துளைக்கும் கருந்தேனீயும் இருக்கிறது. சங்கப் பாடல்களில் தும்பி என்றால் பூவில் தேனுண்பது. இன்று அதே சொல்லால் தட்டானைக் குறிக்கிறோம். ஆகவே கையேட்டில் சாய்வெழுத்தில் இருக்கும் லத்தீன் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அது உலகம் முழுவதும் ஒரே பூச்சியைத்தான் குறிக்கும். சில சமயம் அந்தப் பெயருக்குள் நம் மண்ணே இருக்கும். வயல் ஓரங்களில் பச்சை மார்பும் எலுமிச்சை மஞ்சள் உடலுமாகப் பறக்கும் ஓர் ஊசித்தட்டானுக்கு 1798இல் ஃபேப்ரிசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் இட்ட பெயரில் 'கோரமண்டேலியானம்' என்ற சொல் இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான் அது.

இனி என் சிவப்புத் தட்டானுக்கு வருகிறேன். தட்டானை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பூச்சியையும் பார்க்கப் பழகிவிடலாம். பெரிய உருவம், பகலில் பறக்கும், அமர்ந்த இடத்துக்கே திரும்பி வரும். இந்தியாவில் ஏறக்குறைய 500 இனங்கள்தான்; ஓர் ஆர்வலரால் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கை.

முதலில் தட்டானா, ஊசித்தட்டானா? உட்காரும்போது சிறகுகளை விமானம்போல் விரித்து வைத்தால் பெரும்பாலும் தட்டான். முதுகின்மேல் கூப்பி வைத்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், சிறகைப் பாதி விரித்து உட்காரும் ஊசித்தட்டான்களும் உண்டு. கண்ணைப் பார்த்தால் ஐயம் தீரும். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரத்திலும் தள்ளித் தள்ளி இருக்கும். தட்டான்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை தலை உச்சியில் ஒட்டிக்கொள்ளும். கண்கள் சற்று விலகியிருக்கும் தட்டான் குடும்பமும் ஒன்று உண்டு. ஆனால் அவற்றின் உடல் தடிமனைப் பார்த்தால் குழப்பம் வராது.

அடுத்தது உடல். சிறு வயதில் நூல் கட்டிப் பறக்கவிட்டபோது நாம் வால் என்று சொன்னது உண்மையில் அதன் வயிறு. பத்துக் கணுக்கள் கொண்டது. கையேடு 'எட்டாம் கணுவிலும் ஒன்பதாம் கணுவிலும் கருப்புப் பொட்டு' என்று சொன்னால் மார்பிலிருந்து எண்ணிக்கொண்டு வராதீர்கள். நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது எளிது. பிறகு சிறகு. அடிப்பகுதியில் மஞ்சள் கறை இருக்கிறதா, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, நரம்புகள் என்ன நிறம், முன்விளிம்பில் நுனிக்கு அருகே இருக்கும் சிறு கட்டம் ஒரே நிறமா, இரு நிறமா. மார்பின் பக்கவாட்டில் கோடுகள். கடைசியாகக் கால்.

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு சிவப்புகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். உடல் முழுக்க இரத்தச் சிவப்பு, காலும் சிவப்பு, வயிற்றின் முதுகுப்புறம் நெடுக மெல்லிய கருங்கோடு என்றால் அது குரோக்கோதெமிஸ் செர்விலியா. சிவப்போடு ஊதாப்பூச்சு கலந்து ரோஜா நிறமாகத் தெரிகிறது, சிறகு நரம்புகளும் சிவப்பு, ஆனால் கால் கருப்பு என்றால் டிரைதெமிஸ் அரோரா. அரோரா என்றால் வைகறை. வயிற்று நுனிக்கு அருகே இரண்டு கருப்புப் பொட்டு, பின்சிறகின் அடியில் அடர்ந்த கறை என்றால் யூரோதெமிஸ் சிக்னேட்டா. சிறகின் பெரும்பகுதியே ஆரஞ்சாக இருந்து, நீங்கள் நிற்பது சாக்கடை கலக்கும் குட்டையின் ஓரமாகவும் இருந்தால், பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டாவைப் பார்க்கிறீர்கள். நான்கும் சிவப்பு. நான்கையும் ஒரே ஏரியின் கரையில் பார்க்கலாம்.

கன்டாமினேட்டாவுக்கு நிறத்தோடு இடமும் ஓர் அடையாளம் என்பதைக் கவனியுங்கள். கையேட்டில் படத்துக்குப் பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும் வாழிடம், பருவம், பழக்கம் ஆகிய வரிகளை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். படத்தைவிட அவை சில சமயம் அதிகம் சொல்லும். கருங்கல் சுவரிலும் சிமெண்டுத் தொட்டியிலும் சாம்பலும் கருப்புமாகப் புள்ளியிட்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கும் பிராடினோபைகா ஜெமினேட்டா நம் வீட்டுத் தொட்டித் தண்ணீரிலேயே முட்டையிட்டு வளர்வது. கையேட்டில் படிக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. படித்த மறுநாள் காலை எங்கள் கிணற்றுச் சுவரில் மூன்று இருந்தன. எத்தனை ஆண்டுகளாக அங்கே இருந்தனவோ.

மழைக்கு முன்னும் பின்னும் திடலில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டானுக்கு உட்காராமையே அடையாளம். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்தப் பான்டாலா ஃப்ளேவசென்ஸைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம். மணிக்கணக்கில் பறக்கும், எப்போதாவது அமர்ந்தால் குச்சியிலிருந்து செங்குத்தாகத் தொங்கும். குளம் குட்டை அரிதான மாலத்தீவுகளில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் இவை ஏராளமாக வந்திறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் அந்தப் போக்குவரத்து 14,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. உடல் நீளம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி. அதன் பெயர் தெரிந்த பிறகு பள்ளிக்கூடத் திடலின் மேல் பறக்கும் கூட்டத்தைப் பழைய கண்ணோடு என்னால் பார்க்க முடிவதில்லை.

கையேடு வைத்திருப்பவரை அதிகம் குழப்புவது வயதும் பாலும். நான் வர்ணித்த சிவப்புகள் எல்லாம் வளர்ந்த ஆண்கள். செர்விலியாவின் பெண் வெளிர்மஞ்சள். இளம் ஆணும் அப்படியே. புல்தரையில் காலடியிலிருந்து எழுந்து பறக்கும் டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸின் இளம் ஆண் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். முதிர முதிர உடம்பின்மேல் சாம்பல் பூத்தாற்போல் நீலம் படர்ந்து, கடைசியில் முழு நீலமாகிவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட ஒன்றைப் பார்த்தால் புத்தகத்தில் எந்தப் படமும் ஒத்து வராது. அப்போது உடலின் நிறத்தை விட்டுவிட்டு, மாறாத ஒன்றைத் தேட வேண்டும். வயிற்று நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு சிறு உறுப்புகள் இதற்கு வெளிர் வெண்மை. நிறம் வயதோடு மாறும், உறுப்பின் வடிவமும் உடலின் அமைப்பும் அநேகமாக மாறாது. பூச்சிகளைப் பார்ப்பதில் நான் கற்றவற்றில் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

வண்ணத்துப்பூச்சிகளில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். கறிவேப்பிலைச் செடி உள்ள எந்த வீட்டுக்கும் கறிவேப்பிலை அழகி வரும். ஆண் கருப்பு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளின் வரிசை. பெண் மூன்று உடைகளில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப் போலவும், மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். அந்த இரண்டு அழகிகளும் புழுவாக இருக்கையில் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பவை. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை தொடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்த வேடத்தில் பிழைத்துக்கொள்கிறது.

பறவையே ஏமாறும்போது நாம் எப்படிப் பிரிப்பது? சிறகைப் பார்க்காதீர்கள், உடலைப் பாருங்கள். நஞ்சுள்ள இரண்டுக்கும் தலையிலும் உடலிலும் பளிச்சென்ற சிவப்பு உண்டு. வேடம் போட்ட பெண்ணுக்கு உடல் கருப்பு. சிறகில் அத்தனை சிவப்புப் பொட்டுகளையும் பார்த்துப் பார்த்து வரைந்த இயற்கை, உடலுக்குச் சாயம் பூசவில்லை. பெண் எந்த இலையில் முட்டையிடுகிறது என்று காத்திருந்து பார்த்தாலும் போதும். கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ முட்டையிட்டால் வேடம் தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் பெயர் கிடைக்காத பூச்சிகளே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். சிறு ஈக்கள், பழுப்பு அந்துப்பூச்சிகள், அரிசி அளவு வண்டுகள் பலவற்றை நிபுணர்களே இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நல்ல புகைப்படம் இருந்தாலும் பயனில்லை. அப்போது குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. 'சிர்ஃபிடே குடும்பத்து ஈ, துளசிப் பூவில், காலை 8 மணி' என்று எழுதிய குறிப்பு உண்மையானது. ஊகித்து எழுதிய முழுப்பெயர், பின்னால் அந்தக் குறிப்பை நம்பி எடுத்தாளப்போகிறவரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். கைபேசிச் செயலிகள் இப்போது படத்தைப் பார்த்து நொடியில் பெயரை முன்மொழிகின்றன. எனக்கும் அவை உதவுகின்றன. ஆனால் அவை சொல்லும் பெயரை எடுத்துக்கொண்டு கையேட்டின் பக்கத்துக்குப் போய், அங்குள்ள ஒவ்வோர் அடையாளமும் என் படத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்கிறேன். வேறு நிலப்பகுதியில் மட்டும் வாழும் இனத்தின் பெயரை அவை முன்மொழிந்ததும் உண்டு.

படம் எடுப்பதிலும் கையேட்டின் கேள்விகளை நினைவில் வைத்தால் நல்லது. அழகான ஒரு படத்தைவிடச் சுமாரான நான்கு படங்கள் மேல். தட்டானுக்கு மேலிருந்து ஒன்று, மார்பின் பக்கவாட்டில் ஒன்று, முகம், வால் நுனி. வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் மேற்புறமும் அடிப்புறமும். அளவுக்குப் பக்கத்தில் ஓர் இலை தெரிந்தால் போதும். பிடித்துப் பார்க்கும் ஆசை எழும். காட்டுப் பகுதியில் அனுமதியின்றிப் பூச்சி பிடிப்பது சட்டப்படி குற்றம், வெளியிலும் அதற்குத் தேவை அநேகமாக வராது. காலை வெயில் உடம்பில் ஏறுவதற்கு முன் போனால் தட்டான்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அடிமேல் அடிவைத்து, நம் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்கினால் இரண்டு முழம் வரை போகலாம்.

குறிப்பேட்டை எழுதும் இடம் கரைதான், வீடு அல்ல. முதல் நாள் நான் எழுதி வைத்தது இன்னும் இருக்கிறது: 'சிவப்புத் தட்டான், ஒன்று, கோரை நுனி, அழகு.' அழகு என்ற சொல்லை நான் அடிக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்துக்கும் போக முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் மறுபடியும் போனேன். இந்த முறை கையேட்டின் சிவப்புப் பக்கங்களை இரவே படித்து, ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கோரையில் அது இல்லை. கரையோடு நடந்து மதகுப் பக்கம் வந்தபோது காய்ந்த குச்சி ஒன்றின் நுனியில் உட்கார்ந்திருந்தது. மிளகாய்ச் சிவப்பு என்று நான் நினைத்திருந்தது, பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிவப்பு மட்டுமல்ல. வெயில் பட்ட இடத்தில் ஊதா ஓடியது. சிறகு நரம்புகள் குங்குமக் கோடுகளாக இருந்தன. வயிற்றில் கருங்கோடு இல்லை. நுனியில் பொட்டு இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். குச்சியைப் பற்றியிருந்த கால்கள் கருப்பு.